கோட்டைப்பட்டினம்: பறவைகளை வழியனுப்பும் பங்குனி

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியையும் தையையும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வெயில் தணிந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அப்போதுதான் நடக்கும். கோட்டைப்பட்டினம் கரைக்கு எப்போது வரலாம் என்று கேட்டால் நான் வேறு காலத்தைச் சொல்வேன். மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை முதல் வாரம் வரை வாருங்கள். வடக்கே திரும்பப் போகும் பறவைகள் புறப்படுவதற்கு முன் தின்று கொழுத்து, நிறம் மாறி நிற்பதை அந்த ஐந்தாறு வாரங்களில்தான் பார்க்க முடியும். மார்கழியில் சாம்பல் பூசினாற்போல ஒரே மாதிரி தெரிந்த கூட்டத்தில், பங்குனியில் ஒவ்வொன்றும் தனித்தனி இனமாகப் பிரிந்து தெரியும். கரைப்பறவைகளை அடையாளம் காணப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு இல்லை.

கோட்டைப்பட்டினத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் சரணாலயம் எதுவும் கிடையாது. வடக்கே கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். 2002இல் தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலமும் அதுதான். தெற்கே தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பாக் விரிகுடாவின் நீண்ட கரை, பெயர்ப்பலகை இல்லாமல் கிடக்கிறது. கடலுக்குள் மட்டும் ஒரு பாதுகாப்பகம் உண்டு. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் அது. அம்மாப்பட்டினம் கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். கடல்பசுவுக்கும் கரைப்பறவைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். கடல்பசு மேயும் கடற்புல் தரைதான் இந்தக் கடலின் அடிச்சேற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அதற்குள்தான். அறுந்து கரை ஒதுங்கும் புல் மக்கிக் கிடக்கும் இடங்களில் புழுவும் பூச்சியும் பெருகும். உப்புக்கொத்திகள் அந்தக் கறுப்புக் குவியல்களின் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி வரும். கடற்கரைக்கு வந்ததும் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் அந்தக் குவியல்களைத்தான்.

கடல் வற்றும் மாதம்

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அலை அடிப்பது குறைவு. நீரேற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் கீழே. ஆனால் கரையின் சரிவு மிகமிக மெதுவானது. ஆகையால் நீர் ஒரு சாண் இறங்கினாலே வெகுதூரம் சேறு வெளியே தெரியும். நாளுக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்று. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றும்.

இத்துடன் ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஏற்ற இறக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. தமிழகத்தின் வங்கக்கடல் கரையில் சராசரி நீர்மட்டம் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்திருக்கும். மாசி, பங்குனி வாக்கில் தாழ்ந்திருக்கும். வாடைக்காற்று கடலைக் கரை நோக்கித் தள்ளுவதும் அப்போது ஓய்ந்துவிடும். கார்த்திகையில் தண்ணீருக்கு அடியில் கிடந்த சேறு பங்குனியில் பறவைகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. உள்ளே ஆவுடையார்கோயில், மணமேல்குடி வட்டாரக் கண்மாய்கள் சுருங்கிக் கடைசிக் குட்டைகளாகும் நேரமும் இதுவே. பயணத்துக்கு முந்தைய வாரங்களில் பறவைக்கு அதிகத் தீனி தேவைப்படுகிறது. அதே வாரங்களில் கடல் தன் சேற்றைக் காட்டுகிறது.

கைப்பேசியில் கிடைக்கும் நீரேற்ற அட்டவணைகளை ஒரு தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏற்றத்தாழ்வு இவ்வளவு சிறியதாக இருக்கும் கடலில் காற்று மாறினால் கணக்கும் மாறும். முந்தின நாள் மாலையே கரைக்குப் போய், வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், “அண்ணே, நாளைக்கு எத்தனை மணி வாக்கில தண்ணி ஏறும்?” என்று கேளுங்கள். நாளும் கடலில் இறங்குகிறவர் சொல்லும் நேரத்தை நான் அட்டவணைக்கு மேலாக நம்புவேன்.

நீர் நன்றாக வற்றியிருக்கும்போது போவது வீண். பறவைகள் எங்கோ நீரோரத்தில் புள்ளிகளாகத் தெரியும். ஏறத் தொடங்கும்போது போங்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் மேலே வர வர, பறவைகள் மேய்ந்துகொண்டே உங்களை நோக்கி வரும். நீங்கள் அவற்றிடம் நடந்து போவதற்கும் அவை உங்களிடம் வருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நடந்து போனால் பறந்துவிடும். உட்கார்ந்திருந்தால் கொசு உள்ளான் காலடிக்கு இருபது மீட்டர் வரை வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இது கிழக்கு பார்த்த கரை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணுக்கு நேரே இருக்கும். எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஆகையால் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே போங்கள். அங்கேயுள்ள நீர்நிலைகளையும் இறால் பண்ணைகளின் ஓரங்களையும் வெயிலை முதுகில் வாங்கியபடி பாருங்கள். ஒன்பதரை மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியாக இருந்தாலும் உருவம் நெளியும். அப்போது ஊருக்குள் வந்து நிழலில் இருந்துவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவையின் மேல் விழும். மாலை நேரமும் நீரேற்றமும் ஒன்றுசேரும் நாளை நிலாவைப் பார்த்துத் தேர்ந்துகொண்டு கிளம்புங்கள். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த நாளுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கலாம்.

நிறம் மாறுகிறவை

புதிதாக வருகிறவர்கள் உள்ளான் கூட்டத்தைக் கண்டு மலைத்துப் போகிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு முதலில் நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் இரை தேடும் பறவை. ஆகையால் கண் பெரிது, அலகு குட்டை. உள்ளான்களும் மூக்கன்களும் அலகின் நுனியால் சேற்றைத் தடவி இரை தேடுகின்றன; தையல் எந்திரத்தின் ஊசி மாதிரி விடாமல் குத்திக்கொண்டே நகரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு காலின் நிறம், தலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் அலகின் நீளம், அலகு நேரா வளைவா என்று போகலாம். பவளக்காலிக்குக் கால் ஆரஞ்சுச் சிவப்பு. பறக்கும்போது சிறகின் பின்னோரம் வெள்ளையாகத் தெரியும். பச்சைக்காலிக்கு அலகு சற்றே மேல்நோக்கியிருக்கும்; ‘தியூ தியூ தியூ’ என்று மும்முறை கூவிக்கொண்டு எழும். பெரிய கோட்டானுக்கும் சிறிய கோட்டானுக்கும் அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். சிறியதற்குத் தலையில் கோடுகள் இருக்கும், குரலும் வேறு: ஒரே சுருதியில் ஏழெட்டு முறை அடுக்கிச் சீழ்க்கையடிக்கும்.

இனி நிறத்துக்கு வருவோம். மணல் உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மேலே மண்நிறம், கீழே வெள்ளை. அதற்குமேல் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. பங்குனியில் அதன் மார்பில் செங்கல் நிறத்தில் பட்டை எழும், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வராது. ஒரே கூட்டத்தில் முழுதாக மாறியது, பாதி மாறியது, இன்னும் தொடங்காதது என மூன்றும் கலந்து நிற்கும். இந்தக் கலவையைக் கண்டு குழம்ப வேண்டாம். அது ஒரே இனம்தான். இங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தப் பறவைகள் நடு ஆசியாவின் உயர்ந்த மேட்டு நிலங்களில் முட்டையிடப் போகின்றன. வளைமூக்கு உள்ளான் அதைவிடத் தொலைவு போகிறது, சைபீரியாவின் வடகோடிப் பனிவெளிக்கு. தையில் வெள்ளை வயிற்றோடு நின்ற அது, சித்திரை நெருங்கும்போது முகத்திலிருந்து வயிறு வரை செம்மண் நிறமாகியிருக்கும்.

பொன்னிற உப்புக்கொத்தியும் சாம்பல் உப்புக்கொத்தியும் இந்தப் பருவத்தில் வயிறு கறுத்துப் போகும். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் பறக்கும் வரை காத்திருங்கள். சாம்பல் உப்புக்கொத்திக்கு அக்குளில் கறுப்புத் திட்டு உண்டு, பொன்னிறத்துக்குக் கிடையாது. பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குத் தலை பழுப்பாவதும் இப்போதுதான். குளிர்காலத்தில் காதருகே ஒரு கறும்புள்ளியோடு சரி. மீசை ஆலாவின் வயிறு கருஞ்சாம்பலாகும். ஊர்ப்பறவைகளும் சும்மா இருப்பதில்லை. மடையானின் முதுகு அரக்கு நிறமாகும், உண்ணிக்கொக்கின் தலையும் மார்பும் மஞ்சள் பூசிக்கொள்ளும்.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இவை தின்னும் வேகம். நெடும்பயணத்துக்கு முன் கரைப்பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன. சில இனங்களில் எடை பாதிக்கு மேலும் கூடிவிடும். கொழுத்த பறவையின் வயிறு கால்களுக்கிடையே தொங்குவதைத் தொலைநோக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம். 2022இல் பட்டைவால் மூக்கன் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி காட்டியது. அது பசிபிக் கடல் பாதையில் போகும் பறவை. நம் கரைக்கு வருபவை நடு ஆசியப் பாதையில் போகிறவை. ஆனால் இரண்டையும் சுமந்து போகும் எரிபொருள் ஒன்றுதான். சேற்றில் தின்று சேர்த்த கொழுப்பு.

எவ்வளவு தூரத்தில் நிற்பது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் அது சற்றுத் தள்ளி இறங்கி மறுபடி மேயும். இழந்ததை ஈடுகட்ட அதற்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. பங்குனியில் அந்த நேரம் இல்லை. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரிகிறது. மேய வேண்டிய நிமிடங்களும் போகின்றன, ஏறும் நீர் அந்தச் சேற்றை மூடிவிடுகிறது. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை நோக்கி ஓடுவதும், கல் எறிவதும், ட்ரோன் விடுவதும் எந்த மாதத்திலும் தவறு. இந்த மாதத்தில் அது பறவையின் பயணத்திலிருந்தே திருடுவது.

நூறு மீட்டரில் நின்று பழகுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தால் நில்லுங்கள். ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். பவளக்காலி கத்திக்கொண்டு எழுந்தால் பின்னாலேயே எல்லாம் எழும். நேராக நடக்காமல் சாய்வாக நடந்து, இடையிடையே உட்கார்ந்து எழுந்து போனால் அவ்வளவாக மிரளாது. மண்நிறச் சட்டை, தொப்பி, 8க்கு 42 அளவுள்ள இருகண் நோக்கி, உட்கார ஒரு சாக்கு, தண்ணீர். தூரத்தில் நின்று பார்க்க முக்காலியோடு கூடிய தொலைநோக்கி இருந்தால் இங்கே மிகவும் பயன்படும். நாலு பேர் சேர்ந்து ஒன்று கொண்டுவந்தால் போதும்.

கால் வைக்கும் இடத்தையும் பாருங்கள். பலரும் அறியாத காரணம் ஒன்று இதற்கு உண்டு. வடக்கே போகிறவை போகத் தயாராகும் அதே நாள்களில், இங்கேயே இருக்கும் பறவைகள் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், சிறிய ஆலா ஆகியவற்றோடு அனுமான் உப்புக்கொத்தியும் உண்டு. இந்தக் கடைசிப் பறவையை நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்றே எண்ணியிருந்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முட்டையிடும் இது தனி இனம் என்று 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சேதுவின் இரு கரையிலும் வாழ்வதால் இந்தப் பெயர். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை. கிளிஞ்சலும் உலர்ந்த சேறும் கிடக்கும் மேட்டில் ஒரு சிறு குழி. அதில் மண்நிறத்தில் இரண்டு மூன்று முட்டை. ஒரு கெஜ தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. சிறகு ஒடிந்ததுபோல் ஒரு பறவை உங்கள் முன் இழுத்துக்கொண்டு ஓடினால் அதைத் தொடராதீர்கள். கூடு அருகில் இருக்கிறது, பறவை உங்களைத் திசைதிருப்புகிறது. வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள். பங்குனி வெயிலில் தாய் எழுந்த முட்டை சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். உலர்ந்த சேற்றில் இருசக்கர வாகனம் ஓட்டுவதை அடியோடு தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஊரும் துறையும்

கோட்டைப்பட்டினமும் அடுத்துள்ள ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் துறைகள். படகுகள் திரும்பும் காலையில் துறைமேடைக்குப் போனால் செம்பருந்தும் கடற்காகமும் ஆலாவும் வலை உதறுவதைச் சுற்றிப் பறக்கும். கடற்காகங்களை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது. விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. என்றைக்குப் படகு வருகிறது என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். துறைப்பறவைகளைப் பார்க்க விரும்பினால் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். மேடையில் ஏலம் நடக்கிற நேரத்தில் குறுக்கே முக்காலி வைக்காதீர்கள்; அங்கே ஒவ்வொரு நிமிடமும் ஒருவரின் கூலி.

இது எல்லைக்கடல். கடலோரக் காவல்துறையினர் சுற்றி வருவார்கள். பெரிய லென்ஸும் தொலைநோக்கியும் வைத்திருப்பவரை விசாரிப்பது அவர்கள் வேலை. ஆதார் அட்டையோ வேறு அடையாளமோ கையில் இருக்கட்டும். பறவைப் புத்தகத்தைத் திறந்து காட்டினால் பேச்சு எளிதாக முடியும்.

இறால் பண்ணைகளுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. கேட்டுப் போனால் நல்ல காட்சி கிடைக்கும், முக்கியமாக அறுவடைக்குப் பிறகு குளத்தை வடித்துப் போட்டிருக்கும் நாள்களில். வடிந்த சேற்றில் நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் வெண்கொக்குகளும் மொய்க்கும். இறால் வளரும் குளத்தில் பறவை இறங்குவது பண்ணைக்காரருக்கு நட்டம், நோய் பரவும் என்ற கவலையும் உண்டு. கயிறு கட்டியும் வெடி போட்டும் விரட்டுகிறார்கள். அவர்களோடு வாதிடுவதில் பயனில்லை. வடித்த குளத்தில் சில நாள் தண்ணீர் கொஞ்சம் தேங்க விடலாமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது வேறு விஷயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்; கண்டால் நீங்களே தலையிடாமல் இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

சேற்றில் இறங்க வேண்டியிருந்தால் பழைய கான்வாஸ் காலணி போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியும் அறுந்த வலையும் புதைந்திருக்கும், ஆழமற்ற நீரில் திருக்கை படுத்திருக்கும். தனியாக இறங்க வேண்டாம். மரநிழலில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள், மீமிசலை அடுத்த முத்துக்குடா அலையாத்திக் காட்டுப் பக்கம் போகலாம். கோடியக்கரைக்கும் போய்வரத் தோன்றினால் அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். கோட்டைப்பட்டினத்தோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்க நினைத்தால் இரண்டையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரயிலில் வருகிறவர்களுக்கு அறந்தாங்கி நிலையம், அங்கிருந்து பேருந்து.

எழுதி வைத்தல்

பார்த்ததை அன்றைக்கே எழுதுங்கள். பெயர், எண்ணிக்கை, நேரம் இவற்றோடு, நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும், கூட்டத்தில் எத்தனை பறவை நிறம் மாறியிருந்தது என்பதையும் சேருங்கள். ஈபேர்ட் தளத்தில் பதிவேற்றினால் உங்கள் குறிப்பு ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். பெயர் தெரியாவிட்டால் ‘உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை’ என்றே எழுதலாம். ஊகித்து எழுதிய பெயரைவிட அது மதிப்புள்ளது. தமிழில் கைப்புத்தகம் வேண்டுமென்றால் க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ இருக்கிறது, தொடங்குகிறவர்களுக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய அறிமுகக் கையேடு எளிது.

பறவையின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் மற்றதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், இரண்டு நிறமென்றால் எது மேலே, எழுத்து உண்டா என்று எழுதிக்கொண்டு, படமும் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறவர்கள் அவர்கள். வளையம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் உரிய இடத்துக்குச் செய்தி போய்ச் சேரும்.

சித்திரை நடுவில் கூட்டம் கரைந்துவிடும். எல்லாம் போய்விட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். சென்ற ஆண்டு பிறந்த இளம்பறவைகளில் பல, முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். மணல் உப்புக்கொத்தி, பெரிய கோட்டான், சாம்பல் உப்புக்கொத்தி ஆகியவற்றை வைகாசி வெயிலிலும் நிறம் மாறாத உடம்போடு சேற்றில் காணலாம். அந்த மாதங்களில் கரைக்கு வந்து எண்ணுகிறவர்கள் மிகச் சிலரே. உள்ளூரிலேயே இருப்பவர்கள், முக்கியமாகப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும், மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நீரேற்ற நேரத்தில் நின்று எண்ணிவந்தால், வெளியூரிலிருந்து ஒருநாள் வந்து போகிறவர்களால் தர முடியாத கணக்கு கோட்டைப்பட்டினத்துக்குக் கிடைக்கும்.